இதுவே பதிப்பு

மென்பொருள் எழுதிப் பிழைப்பவர்களிடம் இலக்கிய நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. நாள் முழுக்கக் கணினி முன்னால் அமர்ந்து அப்படி என்னதான் எழுதுகிறீர்கள் என்பது அது. அதற்கு ஏதோ ஒரு விடையைச் சொல்லிவிட முடிகிறது. ஆனால் எழுதியதை வெளியிடுவது என்றொரு தனி வேலை இருக்கிறது, பல ஆண்டுகளாக நான் பெரும்பாலும் அதைத்தான் செய்துவந்திருக்கிறேன் என்று சொன்னால் அவர்கள் முகத்தில் சிறு ஏமாற்றம் தெரியும். கையெழுத்துப் பிரதியை அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பதுபோலவா என்பார்கள். ஏறத்தாழ அப்படித்தான். ஆனால் நீங்கள் அச்சகத்துக்குப் புறப்படும் நேரத்திலும் நாற்பது பேர் அந்த நாவலை எழுதிக்கொண்டும் திருத்திக்கொண்டும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

நிரல் முடிவுறாத பிரதி. அது எழுதி முடிக்கப்படுவதில்லை, ஏதோ ஒரு புள்ளியில் நிறுத்தப்படுகிறது. அந்தப் புள்ளிக்கு ஓர் எண்ணைக் கொடுத்து, இதுவரை உள்ளது இது, இதை நம்பி எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்வதையே வெளியீடு என்கிறோம். தமிழில் இதற்குப் ‘பதிப்பு’ என்ற சொல் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது பொருத்தமான சொல்லாகவே படுகிறது. ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றிய உ.வே.சா. முன்னாலும் ஒன்றோடொன்று ஒவ்வாத பிரதிகள்தாம் இருந்தன. ஏதோ ஒரு நாளில் அவற்றுக்கு நடுவே நின்று இதுவே பாடம் என்று முடிவு செய்து, தம் பெயரை முகப்பில் இட்டு அவர் வெளியிட வேண்டியிருந்தது. பதிப்பாசிரியரின் வேலை அந்த முடிவில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அதற்கான ஆயத்தம்.

*

ஆயத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே நிரலைப் பலர் திருத்தும்போது யார் எதை, எப்போது, ஏன் மாற்றினார்கள் என்ற கணக்கு தேவைப்படுகிறது. இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளும் முதல் கருவிகளில் ஒன்றான எஸ்சிசிஎஸ் 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் என்பவரால் எழுதப்பட்டது. 1982இல் ஆர்சிஎஸ் வந்தது. அதன் மேல் எழுந்த சிவிஎஸ்ஸின் தொடக்கம் எளிமையானது. ஆம்ஸ்டர்டாமில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்த டிக் க்ரூன், ஒரு நிரலைத் தம் இரு மாணவர்களோடு சேர்ந்து எழுத வேண்டியிருந்தது. மூவரும் வெவ்வேறு நேரத்தில் வேலை செய்பவர்கள். ஒருவர் திருத்தும்போது மற்றவர் காத்திருக்க முடியாது. அந்த அன்றாடத் தொல்லையிலிருந்து 1986இல் சிவிஎஸ் வெளிப்பட்டது.

இன்று பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவது கிட். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் இதை எழுதத் தொடங்கினார். லினக்ஸ் குழுவினர் அதுவரை பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற வணிகக் கருவியின் இலவச உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டதே உடனடிக் காரணம். தொடங்கிய சில நாட்களிலேயே கிட் தன் வரலாற்றைத் தானே பதிவு செய்யத் தொடங்கிவிட்டது. அதே ஆண்டு ஜூனில் வந்த லினக்ஸ் 2.6.12, கிட்டில் பராமரிக்கப்பட்டு வெளியான முதல் லினக்ஸ் கரு.

கிட்டின் உள்ளே நடப்பது இலக்கிய வாசகருக்குப் புரியாத ஒன்றல்ல. ஒவ்வொரு மாற்றமும் ஒரு ‘கமிட்’டாகக் களஞ்சியத்தில் சேர்கிறது. மாற்றியவர் பெயர், நேரம், மாற்றத்துக்கான காரணம் ஆகியவை அதோடு இருக்கும். கூடவே, தனக்கு முன்னால் இருந்த கமிட்டின் அடையாளமும் இருக்கும். இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு 40 எழுத்துகள் கொண்ட ஒரு சரத்தைக் கிட் உண்டாக்குகிறது. அதுவே அந்தக் கமிட்டின் கைரேகை. ஐந்து வருடங்களுக்கு முந்தைய ஒரு கமிட்டில் ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அதன் கைரேகை மாறும், அதைச் சுட்டும் அடுத்ததன் கைரேகை மாறும், அப்படியே இன்று காலை எழுதியது வரை எல்லாம் மாறிவிடும். கடந்த காலத்தை ஒருவரும் அறியாமல் திருத்த முடியாது என்பதே இந்த அமைப்பின் சாரம்.

*

வெளியீட்டுக்கு நாள் குறித்ததும் முதலில் செய்வது ஒரு தனிக் கிளையைப் பிரிப்பது. மூலக் கிளையில் எல்லோரும் வழக்கம்போல் எழுதிக்கொண்டிருப்பார்கள். வெளியீட்டுக் கிளையில் பிழைத்திருத்தங்களைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. சொல்வதற்கு எளிது. கதவை அடைத்த மறுநாள் ஒருவர் வந்து நிற்பார். மூன்று மாத உழைப்பு, நாலே வரி மாற்றம், யாருக்கும் எந்தப் பாதிப்பும் வராது என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அவருக்குப் பின்னால் அதே நாலு வரியோடு இன்னும் ஆறு பேர் வருவார்கள். வெளியீட்டுப் பொறுப்பில் இருப்பவருக்கு நல்ல பெயர் கிடைப்பது அரிது. அவர் முடியாது என்று சொல்வதற்காகவே அமர்த்தப்பட்டவர்.

இந்தப் பிரச்சினையை லினக்ஸ் குழு தீர்த்துக்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. அக்காலத்தில் ஒரு பெரிய வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் ஆண்டுக்கணக்கில் இடைவெளி இருந்தது. 2.4.0 வந்தது 2001 ஜனவரியில், 2.6.0 வந்தது 2003 டிசம்பரில். இந்த வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்றால் எல்லோரும் முண்டியடிக்கத்தானே செய்வார்கள்? பிறகு முறையை மாற்றினார்கள். இரண்டு வாரம் கதவு திறந்திருக்கும், புதியவை எல்லாம் அப்போது உள்ளே வரலாம். அதன்பின் கதவு அடைபடும். வாரம் ஒன்றாக முன்வெளியீடுகள் வரும், அவற்றில் திருத்தங்கள் மட்டும். ஏழாவது அல்லது எட்டாவது முன்வெளியீட்டுக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறுதி வெளியீடு. மொத்தம் ஒன்பது அல்லது பத்து வாரம். அடுத்த வண்டி அருகிலேயே இருக்கிறது என்ற நிச்சயம் வந்ததும் இந்த வண்டியில் தொங்கும் ஆட்கள் குறைந்தார்கள்.

அடுத்தது மாற்றப் பட்டியல். இதை நான் விரும்பிச் செய்வேன். முந்தைய வெளியீட்டுக்குப் பின் சேர்ந்த சில நூறு கமிட்களைப் படித்து, நிரலையே பார்த்திராத ஒருவருக்கு எது முக்கியம் என்று தேர்ந்து எழுத வேண்டும். “சில பிழைகள் திருத்தப்பட்டன” என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் உண்டு. அது எழுதாமல் இருப்பதைவிட மோசம். எந்தப் பிழை, யாருக்கு நேர்ந்தது, அவர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால்தான் அது பட்டியல்.

பிறகு எண். மூன்று பகுதிகள் கொண்ட எண்ணில் முதலாவது மாறினால் பழைய பழக்கங்கள் உடையும், இரண்டாவது மாறினால் புதியவை சேர்ந்துள்ளன, மூன்றாவது மாறினால் திருத்தம் மட்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மரபு. இந்த மரபுக்கு வெளியே நிற்பவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் டொனால்டு நூத். நூல்களை அச்சுக்கோக்க அவர் எழுதிய டெக் மென்பொருளின் பதிப்பெண் ஒவ்வொரு வெளியீட்டிலும் பை என்னும் கணித மாறிலியை ஓர் இலக்கம் நெருங்குகிறது. 2014இல் 3.14159265, 2021இல் 3.141592653. தம் மறைவுக்குப் பின் அந்த எண் பை என்றே ஆகிவிட வேண்டும், அப்போது எஞ்சியிருக்கும் பிழைகள் எல்லாம் டெக்கின் இயல்புகளாகக் கருதப்பட வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். ஒரு படைப்பு எப்போது முடிகிறது என்ற கேள்விக்கு எங்கள் துறையில் இதைவிடத் தெளிவாக யாரும் விடை சொன்னதில்லை.

கடைசியில் ‘டேக்’. களஞ்சியத்தின் நீண்ட சங்கிலியில் ஒரு கமிட்டைச் சுட்டி, இதன் பெயர் இன்ன பதிப்பு என்று எழுதிக் கட்டும் சீட்டு அது. கட்டுபவரின் பெயரும் தேதியும் அதில் இருக்கும், அவர் தம் மின்கையொப்பத்தையும் இடலாம். ஒரு வரி ஆணை, அரை நொடி வேலை. ஆனால் அந்த ஆணையைத் தட்டச்சு செய்துவிட்டு அதை முடுக்கும் முன் சில கணங்கள் கை நிற்கும். இத்தனை ஆண்டுகளில் எனக்கு அந்தத் தயக்கம் போகவில்லை. போக வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

*

கட்டிய டேக்கை அவிழ்த்து வேறொரு கமிட்டில் கட்டிவிடலாம். கிட் அதைத் தடுக்காது. ஆனால் வெளியே போய்விட்ட டேக்கை அப்படி மாற்றக் கூடாது, தவறு நேர்ந்துவிட்டது என்று சொல்லி அடுத்த எண்ணில் புதிதாக வெளியிடுவதே முறை என்று கிட்டின் கையேடே சற்றுக் கண்டிப்பான குரலில் சொல்கிறது. இது வெறும் ஒழுங்கு சார்ந்த விதி என்றுதான் பலர் நினைக்கிறார்கள்.

மருத்துவப் பரிசோதனைக் கூடங்களுக்கான மென்பொருளைத் தயாரித்த ஒரு நிறுவனத்தில் சில காலம் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை 3.4.0 வெளியானது. இரண்டு மணி நேரத்தில் சோதனைக் குழுவிலிருந்து ஒரு பெண் வந்து, ஒரு குறிப்பிட்ட அறிக்கையில் அளவின் அலகு தவறாக அச்சாகிறது என்று காட்டினார். எண் சரி, அலகு தப்பு. திருத்தம் பத்து நிமிடத்தில் தயாராகிவிட்டது. அதை எப்படி வெளியிடுவது என்பதில்தான் வாக்குவாதம் வந்தது.

“ரெண்டு இடத்துலதான் எடுத்திருக்காங்க. அதே நம்பர்லயே மாத்தி வெச்சிடலாமே. இதுக்குப் போய் இன்னொரு ரிலீஸா?” என்றார் மேலாளர்.

“எடுத்த ரெண்டு பேருக்கும் தாங்க வெச்சிருக்கறது எதுன்னு எப்படி சார் தெரியும்?” என்றேன்.

“நாமே போன் பண்ணி மாத்திக்கச் சொல்லிடலாம்.”

“அதுக்குள்ள அச்சடிச்சது?”

அவர் கெட்டவர் அல்லர். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம், ஒரே நாளில் இரண்டு வெளியீடு என்றால் வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை அவருக்கு. நான் டேக்கை மாற்ற மறுத்தேன். வேறு யாரையாவது வைத்துச் செய்வதானால் மாற்றப் பட்டியலில் என் பெயர் வேண்டாம் என்றும் சொன்னேன். அரை மணி நேரப் பேச்சுக்குப் பின் 3.4.1 வெளியானது. எந்த அறிக்கையில், எந்த அலகு, எப்படித் தவறியது என்று பட்டியலின் முதல் வரியிலேயே எழுதினோம்.

அடுத்த திங்கட்கிழமை, முதலில் எடுத்த இரு கூடங்களில் ஒன்றிலிருந்து அழைத்தார்கள். அவர்கள் அதற்குள் சில அறிக்கைகளை அச்சிட்டு நோயாளிகளிடம் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் மென்பொருளின் பதிப்பெண் அச்சாகும். கோப்புப் பிரதிகளைப் புரட்டி 3.4.0 என்று இருந்தவற்றை மட்டும் தனியே எடுத்து, அந்த நோயாளிகளுக்குச் சொல்லி, மாற்றிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டுக்கும் ஒரே எண் இருந்திருந்தால் எதை எடுத்திருப்பார்கள்? அந்தச் சனி, ஞாயிறில் அச்சான எல்லாமே ஒரே பெயரில், ஒரே முகத்தோடு இருந்திருக்கும்.

ஒருமுறை உலகத்துக்குள் போன எண்ணைத் திரும்ப வாங்க முடியாது. டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பின் வரலாற்றில் 1.0 என்ற பதிப்பே கிடையாது. 1995இல் குறுந்தகடு விற்கும் நிறுவனம் ஒன்று, உருவாக்கத்தில் இருந்த அரைகுறைத் தொகுப்பை 1.0 என்று பெயரிட்டு விற்றுவிட்டது. டெபியன் குழு தன் உண்மையான வெளியீட்டை அதே எண்ணில் கொண்டுவந்து இரண்டையும் குழப்ப விரும்பவில்லை. 1.0ஐக் கைவிட்டு 1996 ஜூனில் 1.1 என்று வெளியிட்டது. எந்தக் குழுவும் பெருமையோடு சூடிக்கொள்ள விரும்பும் எண்ணை, பயனர்கள் ஏமாறக் கூடாது என்பதற்காக அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள்.

*

இவ்வளவு ஒழுங்குகளுக்குப் பிறகும் ஓர் இடைவெளி மிஞ்சுகிறது. களஞ்சியத்தில் இருப்பது ஒன்று, பயனர் பதிவிறக்குவது மற்றொன்று. நடுவில் ஒருவர் அமர்ந்து களஞ்சியத்திலிருந்து கோப்புகளை எடுத்து, சிலவற்றைத் தானியங்கியாக உண்டாக்கிச் சேர்த்து, ஒரே பொதியாகச் சுருக்கி வெளியிடுகிறார். கையெழுத்துப் பிரதிக்கும் அச்சுப் பிரதிக்கும் நடுவில் அச்சுக்கோப்பவர் இருந்ததைப்போல. அந்த இடைவெளியில் என்ன நடக்கலாம் என்பதை 2024 மார்ச்சில் உலகம் கண்டது.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள். ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கும், பெயரை அறிந்தவர்கள் குறைவு. அதை நெடுங்காலமாகப் பராமரித்துவந்தவர் லாசே காலின். சம்பளமில்லாத, சொந்த விருப்பத்துக்காகச் செய்த வேலை. 2021 முதல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். 2022இல் முன்பின் அறியாத சில பெயர்கள் தோன்றி, வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று காலினை நெருக்கின. மெல்ல மெல்ல ஜியா டான் துணைப் பராமரிப்பாளர் ஆனார். வெளியிடும் உரிமை அவர் கைக்கு வந்தது. 2024 பிப்ரவரி 24 அன்று 5.6.0, மார்ச் 9 அன்று 5.6.1. இரண்டிலும் அவருடைய கையொப்பம் முறையாக இருந்தது.

நஞ்சின் பெரும்பகுதி, சோதனைக்கான சுருக்கப்பட்ட கோப்புகள் என்ற வேடத்தில் களஞ்சியத்திலேயே இருந்தது. வாசிக்க முடியாத இரும எண்களாக இருந்ததால் யாரும் திறந்து பார்க்கவில்லை. அதை எழுப்பும் சில வரிகள் மட்டும் களஞ்சியத்தில் இல்லை. அவை வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தன. இத்தகைய பொதிகளில் தானியங்கியாக உண்டான கோப்புகள் கூடுதலாக இருப்பது பல ஆண்டு வழக்கம் என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. களஞ்சியத்தை வரிவரியாகப் படித்தவர்களும் அந்தச் சாவியைக் கண்டிருக்க முடியாது. பொதி சில லினக்ஸ் தொகுப்புகளில் கட்டப்படும்போது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வாயிலான எஸ்எஸ்எச்சுக்குள் ஒரு கள்ளக் கதவு உண்டானது.

அதைக் கண்டுபிடித்தவர் பாதுகாப்பு வல்லுநர் அல்லர். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பணிபுரியும் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். தம் கணினியில் எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விடவில்லை. தோண்டிக்கொண்டே போய் மார்ச் 29 அன்று விவரத்தை வெளியிட்டார். டெபியனின் நிலையான பதிப்பை அது எட்டியிருக்கவில்லை. சோதனைக் கிளைகளிலும் சில முன்வெளியீடுகளிலும் நுழைந்திருந்தது. இன்னும் சில மாதங்கள் கடந்திருந்தால் உலகெங்கும் எண்ணற்ற வழங்கிகளுக்குள் போயிருக்கும். ஜியா டான் யார் என்பது இதை எழுதும்வரை வெளிப்படவில்லை. மே மாத இறுதியில் லாசே காலின் மாசகற்றிய 5.6.2ஐ வெளியிட்டார்.

நான் அந்த நாட்களில் மீண்டும் மீண்டும் எண்ணியது கையொப்பத்தைப் பற்றித்தான். மின்கையொப்பம் பொய் சொல்லவில்லை. இதை வெளியிட்டவர் ஜியா டான் என்று அது சொன்னது, உண்மையும் அதுவே. கையில் இருப்பதும் களஞ்சியத்தில் இருப்பதும் ஒன்றுதான் என்று அது ஒருபோதும் சொன்னதில்லை. நாங்களாக அப்படி வாசித்துக்கொண்டோம்.

*

இந்த இடைவெளியை அடைக்க வழியில்லையா? இருக்கிறது, உழைப்பு மிக்க வழி. ஒரே மூலத்திலிருந்து வெவ்வேறு இடங்களில் இருவர் கட்டினாலும் ஓர் இருமம்கூடப் பிசகாமல் ஒரே பொதி கிடைக்க வேண்டும் என்ற முயற்சியை டெபியன் குழுவினர் 2013 முதல் மேற்கொண்டிருக்கிறார்கள். கேட்டால் இயல்பாகவே அப்படித்தானே இருக்கும் என்று தோன்றும். இருக்காது. கட்டிய நேரம் உள்ளே பதிந்திருக்கும், கோப்புகளின் வரிசை கணினிக்குக் கணினி மாறும், கட்டியவரின் கோப்புறைப் பெயர் எங்கோ ஒட்டியிருக்கும். 2023 ஜனவரியில் கிட்ஹப் தன் பொதிகளைச் சுருக்கும் முறை சற்றே மாறியபோது, உள்ளடக்கம் ஒன்றாகவே இருந்தும் வெளிக் கைரேகை மாறி, அதை நம்பியிருந்த பலரின் கட்டுமானங்கள் நின்றுபோயின. மாற்றத்தை அன்றே விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அவ்வளவு நுண்மையான வேலை இது. அதைச் செய்து முடித்தால், வெளியிட்டவரை நம்பாமலேயே அவர் கொடுத்ததைச் சரிபார்க்க முடியும்.

நான் இப்போது அந்த வழியையே பின்பற்றுகிறேன். கையால் எதையும் சேர்ப்பதில்லை. டேக் கட்டிய கமிட்டிலிருந்து மட்டுமே பொதி உண்டாகும். இன்னொரு கணினியில் இன்னொருவர் கட்டிப் பார்த்து, இரண்டு கைரேகைகளும் ஒன்றாக இருந்தால்தான் வெளியே போகும். என் சொல்லை யாரும் நம்ப வேண்டிய தேவை குறையுமாறு என் வேலையை நானே மாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நண்பர் சொன்னார். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் எல்லாவற்றையும் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட முடியும் என்றும் தோன்றவில்லை. இரண்டு பொதிகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று இயந்திரம் சொல்லும். இதை வெளியிடலாமா என்று அது சொல்லாது. அலகு தப்பாக அச்சாவதைக் கண்ட பெண்ணும், அரை நொடித் தாமதத்தைப் பொருட்படுத்திய பொறியாளரும், ஓர் எண்ணை விட்டுக்கொடுத்த குழுவும் எந்தக் கருவியின் கட்டளையாலும் அதைச் செய்யவில்லை. முன்பின் பார்த்திராத ஒருவர் இதை நம்பி எடுக்கப்போகிறார் என்ற நினைப்பு அவர்களிடம் இருந்தது. கருவிகள் அந்த நினைப்புக்குத் துணை நிற்கலாம். சம்பளமில்லாமல் தனியாக அமர்ந்து அதைச் சுமப்பவர்களுக்கு நாம் துணை நிற்கிறோமா என்பதை எக்ஸ்இசட்டுக்குப் பிறகு ஒவ்வொரு பயனரும் ஒருமுறையேனும் கேட்டுக்கொள்ள வேண்டும்.